வளைவில் உடம்பை எங்கே வைப்பது? கார்னரிங் பாடி பொசிஷன் பற்றி ஒரு கேள்வி

காலைச்சவாரி

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டுவது நடுத்தர எடையுள்ள நேக்கட் பைக் (முன்பக்க உறை இல்லாதது). பின்னால் வந்த நண்பர் வளைவுகளில் என்னை வீடியோ எடுத்துக் கொடுத்தார். இடுப்பை உள்பக்கம் நகர்த்தித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தலையும் தோளும் டேங்குக்கு நேர் மேலேயே நிற்கின்றன. சில வளைவுகளில் வெளிப்பக்கமாகக்கூடப் போய்விடுகின்றன. எனக்கு முன்னால் அதே வேகத்தில் போகிறவருடைய வண்டி என்னுடையதைவிடக் குறைவாகத்தான் சாய்கிறது. அவர் எந்த அவசரமும் இல்லாமல் திரும்புகிறார். என் வண்டி மட்டும் வளைவின் பாதியில் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கிறது.

சவாரி முடிந்தால் மணிக்கட்டும் தோள்பட்டையும் வலிக்கின்றன. இடது வளைவுகளில் ஓரளவு வசதியாக இருக்கிறது. வலது வளைவு வந்தாலே உடம்பு மரக்கட்டை ஆகிவிடுகிறது.

முழங்காலைத் தரையில் தேய்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. வண்டி நிதானமாக, நான் நினைத்த கோட்டில் போக வேண்டும், அவ்வளவுதான். இடுப்பை இன்னும் அதிகமாக நகர்த்த வேண்டுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

---

பழையசங்கிலி

இடுப்பை இன்னும் நகர்த்தாதீர்கள், குறையுங்கள். நீங்கள் சொல்லும் எல்லாமே (கை வலி, தலை வெளியே நிற்பது, வண்டி வெளிப்பக்கம் ஓடுவது) ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உங்கள் உடம்பைத் தாங்குவது கைகள். கால்கள் செய்ய வேண்டிய வேலை அது.

இதை நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் (பின்சக்கரத்தைத் தூக்கி வண்டியை நிமிர்த்தி நிறுத்தும் தாங்கி) ஏற்றுங்கள். இல்லையென்றால் நம்பகமான இருவரை முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டே உட்காருங்கள். வளைவில் உட்காருவதுபோல் இடது பக்கம் இறங்கி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படியே இருக்க முடிகிறதா? முடியாமல் முன்னால் விழப் பார்த்தால், ஓடும்போதும் அந்த எடை முழுவதும் ஹேண்டில்பாரில்தான் தொங்குகிறது என்று அர்த்தம். முன்சக்கரம் வளைவில் தன் போக்கில் சின்னச் சின்னதாகத் திரும்பித் தன்னைச் சரிசெய்துகொண்டே போகும். இறுகப் பிடித்த கை அதை விடாது. மேடு பள்ளம் வரும்போது வண்டி தலையாட்டுவதும், கோட்டை விட்டு வெளியே ஓடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது காலுக்கு வருவோம். இடது வளைவு என்றால் வலது கால்தான் வெளிக்கால். அதன் முன்பாதத்தை, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் தடித்த பகுதியை, ஃபுட்பெக் (கால் வைக்கும் கம்பி, சுருக்கமாக பெக்) மேல் வையுங்கள். பாதத்தின் நடுவை வைத்தால் இது நடக்காது. முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை லேசாக உயர்த்தினால் முழங்கால் மேலே எழும்பும். அப்போது தொடையின் உள்பக்கம் டேங்கின் பக்கவாட்டுப் பள்ளத்தில் போய் இறுகும். குதிகாலின் உள்பக்கம் ஹீல் கார்டில் (பெக்குக்குப் பக்கத்தில் இருக்கும் தகடு) அழுந்தும். பெக், ஹீல் கார்டு, டேங்க் என்று மூன்று இடத்தில் அந்த ஒரு கால் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டு சரியாக விழுந்தால் இடது கையை முழுக்க எடுத்துவிட்டாலும் நீங்கள் கீழே சரிய மாட்டீர்கள்.

அது வந்த பிறகுதான் மேல் உடம்பைப் பற்றியே யோசிக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தில் பார்த்த வீரரைப் போல முழங்காலை விரித்து, இடுப்பைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுக் கைகளால் தொங்குகிறார்கள்.

---

இரட்டைச்சிலிண்டர்

பழையசங்கிலி அண்ணன் சொன்னதற்குக் கணக்கு சேர்க்கிறேன். ஏன் உள்பக்கம் நகர வேண்டும் என்பது தெளிவானால் எவ்வளவு நகர வேண்டும் என்பதும் தெளிவாகும்.

வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 50 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 26 டிகிரி. அதே வளைவில் 60 கி.மீ. என்றால் சுமார் 35 டிகிரி. பத்து கி.மீ. கூடினால் ஒன்பது டிகிரி கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கோணம் வண்டிக்கு மட்டுமான கோணம் இல்லை. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த மொத்த எடையின் மையப்புள்ளியிலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு கோடு போடுங்கள், அந்தக் கோட்டின் சாய்வு இது. அந்தக் கோடு 35 டிகிரியில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அதில் வண்டி எவ்வளவு சாய்கிறது, நீங்கள் எவ்வளவு சாய்கிறீர்கள் என்பதைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்தால் உடம்பு தானாக மறுபக்கம் வளைகிறதே, அதே சமநிலைதான். நீங்கள் உள்ளே போனால் வண்டி கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். நீங்கள் வெளியே நின்றால் வண்டி அதிகம் படுத்தாக வேண்டும்.

எவ்வளவு என்று பார்ப்போம். வண்டி 180 கிலோ, ஓட்டுநர் உடைகளோடு 75 கிலோ, மொத்த மையப்புள்ளி தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடம்பின் மையம் 10 செ.மீ. உள்ளே நகர்ந்தால் மொத்த மையம் 3 செ.மீ. நகரும். வண்டிக்கு ஏறக்குறைய 3 டிகிரி மிச்சம். 20 செ.மீ. நகர்ந்தால் ஐந்தரை டிகிரி மிச்சம். பந்தயத் தடத்தில் இது பெரிய விஷயம். சாலைக்கு முதல் 3 டிகிரியே போதும். 60 கி.மீ. வேகத்தில் போகும்போதே வண்டி 57 கி.மீ. வேகத்துக்கான சாய்வில்தான் இருக்கும்.

இனி காலைச்சவாரி நண்பரின் வீடியோவுக்கு வருவோம். தலை, கைகள், இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு எல்லாம் சேர்ந்தால் மொத்த உடம்பு எடையில் ஏறக்குறைய பாதி. இடுப்பு உள்ளே போய், அந்தப் பாதி எடை வெளியே நின்றால், சம்பாதித்தது எல்லாம் போயிற்று. மொத்த மையம் நடுவுக்கே திரும்பிவிடும், சில சமயம் நடுவையும் தாண்டிப் போகும். முன்னால் போனவரின் வண்டி குறைவாகச் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

---

டயர்த்தடம்

இரட்டைச்சிலிண்டர், கணக்கு சரி. ஆனால் இதைப் படிப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதால் சொல்கிறேன். உள்பக்கம் தொங்கினால் டயருக்குக் கிரிப் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். டயர் பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசையை எடையும் வேகமும் ஆரமும்தான் முடிவு செய்கின்றன. உடம்பை எங்கே வைத்தாலும் அது மாறாது. ஈரச் சாலையில் 60 கி.மீ. அதிகம் என்றால், எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் அது அதிகம்தான்.

அதுபோக, சாலையில் இதெல்லாம் தேவையா என்பதே என் கேள்வி. வண்டியோடு சேர்ந்து ஒரே கோட்டில் சாய்ந்து ஓட்டுவதற்கு என்ன குறைச்சல்? தடுமாற வாய்ப்பு குறைவு. திடீரென்று பள்ளமோ மணலோ வந்தால் உடனே விலகலாம். பாதி உடம்பைக் கீழே தொங்கவிட்டிருப்பவரால் அது முடியுமா? எதிர்த்தடம் உள்பக்கமாக இருக்கும் வளைவில் தலையை மேலும் உள்ளே நீட்டினால், டயர் தன் தடத்திலேயே இருந்தாலும் ஹெல்மெட் எதிரே வரும் வண்டியின் பாதையில் போய் நிற்கும். இதை யாரும் பேசுவதில்லை.

---

பழையசங்கிலி

டயர்த்தடம் சொல்லும் கடைசி விஷயத்தை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். நடுக்கோடு உள்பக்கம் வரும் வளைவில் டயரை மட்டும் பார்த்துக் கோடு போடக்கூடாது. சாய்ந்த வண்டியில் தலை, டயரிலிருந்து ஒரு கைநீளத்துக்கு மேல் உள்ளே இருக்கும். அதைக் கணக்கில் எடுத்து டயரை நடுக்கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும்.

கிரிப் பற்றியும் ஒத்துப்போகிறேன். ஆனால் பயனே இல்லை என்று ஆகிவிடாது. வண்டி நிமிர்ந்திருந்தால் பெக், சைலன்சர் தரையில் தட்ட இடைவெளி மிஞ்சுகிறது. சஸ்பென்ஷன் மேடு பள்ளத்தை நன்றாக வாங்குகிறது, ஏனென்றால் வண்டி படுக்கப் படுக்க, கீழிருந்து வரும் அடி ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) திசைக்குக் குறுக்காகத்தான் வருகிறது. வளைவு எதிர்பாராமல் இறுகினால் இன்னும் கொஞ்சம் சாய்க்க இடம் இருக்கிறது. சாலையில் எனக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். மிச்சம் பிடித்த டிகிரியைச் செலவு செய்யாமல் வைத்திருப்பதற்காகத்தான் உடம்பை நகர்த்துகிறேன், வேகத்தைக் கூட்டுவதற்காக இல்லை.

சாலையில் நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். இடுப்பு இருக்கையிலேயே இருக்கட்டும். வேண்டுமானால் எடையை உள்பக்கப் பிட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலே மட்டும் உள்ளே வாருங்கள். உள்முழங்கை மடங்கிக் கீழே இறங்கட்டும். தாடை உள்பக்கக் கண்ணாடியை நோக்கிப் போகட்டும். கண்கள் கிடைமட்டமாக, வளைவின் வெளியேறும் இடத்தைப் பார்க்கட்டும். இதில் தொங்குவது என்று எதுவும் இல்லை. பின்னால் வருபவருக்கு நீங்கள் நகர்ந்ததே தெரியாது. 10 செ.மீ. நகர்ந்த பலன் மட்டும் கிடைத்துவிடும்.

---

நீலத்தலைக்கவசம்

ஒரு சந்தேகம். உள்பக்கப் பெக்கை அழுத்த வேண்டுமா, வெளிப்பக்கப் பெக்கையா? ஒரு பயிற்சியாளர் உள் பெக்கை மிதித்தால் வண்டி தானாகத் திரும்பும் என்றார். இன்னொருவர் எப்போதும் வெளிப் பெக்தான் என்கிறார். இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிறார்கள்.

---

இரட்டைச்சிலிண்டர்

இரண்டுமே கொஞ்சம் சரி. பிரச்சினை, பெக்கால் வண்டியைத் திருப்பலாம் என்று நினைப்பதில்தான்.

வேகமாகப் போகும் வண்டியைச் சாய்ப்பது ஹேண்டில்பார். இடது பக்கம் திரும்ப, இடது பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் விழும். இதுதான் கவுண்டர் ஸ்டீயரிங். உடம்பு அசைவால் மட்டும் வண்டியைத் திருப்ப முடியுமா என்று காட்டவே ஒரு பைக் உருவாக்கினார்கள். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கிய கீத் கோட் அதைப் பயன்படுத்தினார். அதில் திரும்பாத இரண்டாவது ஹேண்டில்பார் ஒன்று சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பெக்கை மிதித்தாலும் உடம்பை ஆட்டினாலும் வண்டி மெதுவாக, அரைகுறையாக ஒரு பக்கம் ஒதுங்கும். ஒரு தடையைத் தவிர்க்கும் அளவுக்குத் திருப்ப முடியாது.

பெக்கில் அழுத்தம் கொடுத்தால் உங்கள் எடையின் இடம் மாறாது. எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். அந்த எடை எந்த வழியாக வண்டிக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் மாறுகிறது. திரும்பத் தொடங்கும் நேரத்தில் உள் பெக்கில் கொஞ்சம் அழுத்தம் வருவது இயல்பு, ஏனென்றால் உடம்பு அந்தப் பக்கம் போகிறது. வளைவுக்குள் வந்த பிறகு வெளிக்கால் பூட்டியிருப்பதால் வெளிப் பெக்கிலும் அழுத்தம் இருக்கும். கால்கள் எடையைத் தாங்கினால் போதும், எந்தப் பெக் என்பதைத் தனியாக யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

---

பழையசங்கிலி

இதில் ஒன்று சேர்க்க வேண்டும். கை தளர்வாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் சிலர் ஹேண்டில்பாரைத் தொடவே பயப்படுகிறார்கள். தள்ள வேண்டிய நேரத்தில் தெளிவாக, உறுதியாகத் தள்ளுங்கள். வேண்டிய சாய்வு வந்ததும் விட்டுவிடுங்கள். முன்கை தரைக்குக் கிடைமட்டமாக இருந்தால் அந்தத் தள்ளல் முழுவதும் திருப்புவதற்குப் போகும். முழங்கை நிமிர்ந்து பூட்டியிருந்தால் பாதி விசை கீழ்நோக்கி வீணாகும். உள்முழங்கையைக் கீழே இறக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

காலைச்சவாரி

ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் கையை எடுக்க முடிகிறது. வலது பக்கம் எடுத்தால் சரிகிறேன். இடது தொடை டேங்கில் ஒட்டுவதே இல்லை. அதோடு இன்னொரு சந்தேகம்: எந்த நேரத்தில் நகர வேண்டும்? பிரேக் பிடிக்கும்போதா, திரும்பும்போதா?

---

பழையசங்கிலி

பிரேக்குக்கு முன்னால். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

திரும்பும் நேரத்தில் நகர்ந்தால், நகர்வதற்கு எதையாவது பிடித்து இழுத்தாக வேண்டும், அது ஹேண்டில்பாராகத்தான் இருக்கும். வண்டி அந்தக் கணத்தில் குலுங்கும். அதனால் நேராகப் போகும்போதே, ஆக்சிலேட்டரை மூடும் முன்பே, கால்களால் எடையை லேசாகத் தூக்கி உள்பக்கம் உட்கார்ந்துவிடுங்கள். வெளிக்காலைப் பூட்டுங்கள். இந்த நேரத்தில் மேல் உடம்பு இன்னும் நடுவில் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வரும் முன்தள்ளலைத் தொடைகள் டேங்கில் தாங்கட்டும். திரும்பும் இடம் வந்ததும் பார்வை முதலில் உள்ளே போக, தலை பின்தொடர, கை தள்ள, வண்டி சாயும். சாய்ந்து கோடு பிடித்ததும் ஆக்சிலேட்டரை மெதுவாக, விடாமல் திறந்துகொண்டே போங்கள். அப்போது எடை பின்சக்கரத்துக்கு மாறி வண்டி அமைதியாகும். வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுவதுதான் உங்கள் வண்டியை நிலைகுலைய வைக்கும் இன்னொரு விஷயம்.

வலது பக்கக் கஷ்டம் ரொம்பப் பேருக்கு உண்டு. வலது கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. உடம்பு வலப்பக்கம் கீழே போகும்போது மணிக்கட்டு மடங்கி, ஆக்சிலேட்டர் தானாகத் திறந்துவிடுமோ என்று கை இறுகுகிறது. பிடியை நேர்குறுக்காகப் பிடிக்காமல் உள்ளங்கையில் சாய்வாகப் படுக்குமாறு, ஸ்க்ரூடிரைவர் பிடி என்று பயிற்சியாளர்கள் சொல்வார்களே, அப்படிப் பிடியுங்கள். முழங்கை தானாக வெளியே விரிந்து கீழே இறங்கும், மணிக்கட்டு நேராகும். பிரேக் லீவரின் கோணத்தையும் பாருங்கள். முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வராவிட்டால் லீவரைத் திருப்பிப் பொருத்துங்கள்.

இடது தொடை ஒட்டாததற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். டேங்கை ஒட்டி உட்காருகிறீர்களா?

---

காலைச்சவாரி

ஆமாம் அண்ணா, டேங்கை ஒட்டித்தான் உட்காருகிறேன்.

---

பழையசங்கிலி

அதுதான். டேங்குக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முஷ்டி அளவு இடைவெளி விடுங்கள். டேங்கை ஒட்டி உட்கார்ந்து பக்கவாட்டில் நகர்ந்தால் இடுப்பு டேங்கைச் சுற்றித் திரும்பும், நெஞ்சு வளைவின் வெளிப்பக்கத்தைப் பார்க்கும். அதற்குப் பிறகு தலையை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் கழுத்தை முறுக்க வேண்டும். உங்கள் வீடியோவில் தெரிவதும் இதுவாகத்தான் இருக்கும். இடைவெளி இருந்தால் இடுப்பு நேராக நகரும், நெஞ்சு உள்பக்கக் கையை நோக்கிச் சரியும், வெளிக்கை டேங்கின் மேல் லேசாகப் படுக்கும்.

---

மெல்லியடேங்க்

நானும் கேட்கலாமா? என்னுடையது சின்ன, எடை குறைந்த கம்யூட்டர் பைக். டேங்க் ஒடுக்கமாக, வழுக்கலாக இருக்கிறது. எனக்கு உயரமும் குறைவு. தொடையைப் பூட்டச் சொல்கிறீர்கள், பூட்ட இடமே இல்லை. இந்த வண்டியில் இதெல்லாம் சாத்தியமா?

---

பழையசங்கிலி

சாத்தியம்தான் சகோ, எளிதும்கூட. டேங்கின் இரு பக்கமும் ஒட்டும் ரப்பர் கிரிப் பேடு ஒட்டுங்கள், வழுக்கல் போய்விடும். தொடை எட்டவில்லை என்றால் முழங்காலின் உள்பக்கத்தால் அழுத்துங்கள். அதுவும் பூட்டுத்தான். அந்த மாதிரி வண்டியில் இடுப்பை நகர்த்தவே வேண்டாம், மேல் உடம்பு போதும். இலகுவான வண்டியில் உங்கள் எடையின் பங்கு அதிகம் என்பதால் சின்ன நகர்வுக்கே பலன் தெரியும்.

---

இரட்டைச்சிலிண்டர்

அதற்கும் கணக்கு இருக்கிறது. வண்டி 110 கிலோ, ஓட்டுநர் 60 கிலோ என்றால், 10 செ.மீ. நகர்ந்தால் மொத்த மையம் மூன்றரை செ.மீ. நகரும். கனமான வண்டி ஓட்டுபவரைவிட நீங்கள் அதிகம் சம்பாதிக்கிறீர்கள்.

---

நீலத்தலைக்கவசம்

பயிற்சி எப்படிச் செய்வது? வளைவுச் சாலையில் போய்ச் செய்தால் பார்வை, கோடு, எதிர்வண்டி என்று எல்லாம் சேர்ந்து மண்டை குழம்புகிறது.

---

டயர்த்தடம்

சாலையில் கற்றுக்கொள்ளவே கூடாது. நல்ல தளமுள்ள, மணல் இல்லாத காலி மைதானம் கிடைத்தால் 15 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் குறித்துக்கொள்ளுங்கள். 30 கி.மீ. வேகத்தில் சுற்றினால் சாய்வு சுமார் 25 டிகிரி வரும். சாலையில் சாதாரணமாகத் தேவைப்படுவது அதற்குள்தான். அந்த வேகத்தை மாற்றாமல் முதலில் நிமிர்ந்தே சுற்றுங்கள். பிறகு வண்டியோடு சேர்ந்து சாய்ந்து சுற்றுங்கள். அப்புறம் தலையையும் தோளையும் உள்ளே கொண்டுவாருங்கள். வேகமும் வட்டமும் மாறாமல் வண்டி மட்டும் நிமிர்வதை உங்களால் உணர முடியும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்கையின் விரல்களைப் பிடியின் மேல் பியானோ வாசிப்பதுபோல் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் கை எடையைத் தாங்குகிறது.

இரண்டு பக்கமும் சம நேரம் சுற்ற வேண்டும், வராத பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. களைப்பு வந்தால் நிறுத்துங்கள். தொடையும் வயிற்றுத் தசையும் சோர்ந்தால் வேலை மறுபடியும் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு தவறான பழக்கம்தான் ஊறும். வீட்டில் ப்ளாங்க், ஸ்குவாட் செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. இடுப்பு மூட்டைத் தளர்த்தும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உள்முழங்கால் விரிவதற்கு அதுதான் வேண்டும்.

டயர் காற்றழுத்தத்தை முதலில் பாருங்கள். முன் டயரில் காற்று குறைவாக இருந்தால் வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும். உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் போராடுவீர்கள்.

---

பந்தயப்பார்வை

ரேஸ் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு விஷயம். இந்தத் தொங்கும் பாணி ஒரே நாளில் வந்ததில்லை. 1960களில் பந்தய வீரர் மைக் ஹெயில்வுட் வண்டியோடு ஒட்டி, முழங்காலை டேங்கில் அணைத்து ஓட்டியவர். டயர்கள் ஒடுக்கம், சாய்வும் குறைவு, அதற்கு அது பொருந்தியது. பின்லாந்தின் யார்னோ சாரினென், 1972இல் 250சிசி உலக சாம்பியன், இருக்கையிலிருந்து உள்பக்கம் இறங்கும் பாணியைக் கிராண்ட்பிரீயில் எல்லோரும் கவனிக்க வைத்தார். அதற்குப் பிறகு கென்னி ராபர்ட்ஸ் முழங்காலைத் தரையில் தேய்த்தபடி 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை 500சிசி பட்டம் வாங்கினார். இப்போது கிராண்ட்பிரீயின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் சாய்வு 60 டிகிரியைத் தாண்டுகிறது, மார்க் மார்க்கேஸின் முழங்கையே தரையில் தேய்கிறது.

ஆனால் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை 500சிசி பட்டம் வென்ற மிக் டூஹனின் படங்களைப் பாருங்கள். இடுப்பு உள்ளே இருக்கும், மேல் உடம்பு நடுக்கோட்டை விட்டு அவ்வளவாக இறங்காது. இந்த இழையில் தவறு என்று சொல்வதற்கு நெருக்கமான பாணி! அதனால் ஒரே ஒரு சரியான முறைதான் உண்டு என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

பழையசங்கிலி

நல்ல எடுத்துக்காட்டு. டூஹனை நானும் ரசித்தவன். அவருடைய கைகளைப் பாருங்கள், ஹேண்டில்பாரில் அவர் தொங்கவில்லை. உடம்பின் வடிவம் ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறலாம். எடை கால்களில் இருக்க வேண்டும், முன்சக்கரத்தைச் சும்மா விட வேண்டும் என்ற இரண்டும் மாறாது. அவருடைய பாணியைப் பின்பற்ற அவருடைய உணர்வும் வேண்டும். கற்றுக்கொள்பவருக்குத் தலையை உள்ளே வைப்பதுதான் பாதுகாப்பான பக்கம்.

அப்புறம், உள்ளே சாய்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நடை வேகத்தில் யூ-டர்ன் எடுக்கும்போது நேர் எதிராகச் செய்ய வேண்டும். உடம்பை வெளிப்பக்கம் நிமிர்த்தி வைத்து வண்டியை மட்டும் கீழே படுக்க வையுங்கள். கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு திரும்புங்கள். வண்டி அதிகம் சாய்ந்தால் வட்டம் சிறிதாகும். மண் சாலை, சரளைக் கல், வழுக்கும் சேறு இவற்றிலும் அப்படித்தான். டயர் நழுவினால் நீங்கள் அதற்கு மேலே இருக்க வேண்டும். வெளிப் பெக்கில் எடையை ஊன்றி, வண்டிக்கு மேலே நில்லுங்கள். அங்கே போய் உள்பக்கம் தொங்கினால் டயர் வழுக்கிய கணமே நீங்களும் கூடப் போவீர்கள்.

---

மெல்லியடேங்க்

கிரிப் பேடு ஒட்டிவிட்டேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கடைசியாக ஒன்று: பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் இதையெல்லாம் செய்யலாமா? நான் பெரும்பாலும் தங்கையோடுதான் போகிறேன். அவள் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்கிறாள்.

---

டயர்த்தடம்

பின்னால் ஆள் இருந்தால் நீங்கள் நகர வேண்டாம். இருவரும் வண்டியோடு ஒரே கோட்டில் சாயுங்கள். நீங்கள் பக்கவாட்டில் அசைந்தால் அவர் பிடித்திருக்கும் இடம் நகர்கிறது, அதனால்தான் பயந்து எதிர்ப்பக்கம் போகிறார்.

அவரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: இடது வளைவில் உங்கள் இடது தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், வலது வளைவில் வலது தோளுக்கு மேலாக. தலை அந்தப் பக்கம் போனாலே உடம்பு தேவையான அளவு தானாக வந்துவிடும். சாயச் சொல்லாதீர்கள், பார்க்க மட்டும் சொல்லுங்கள். சாயச் சொன்னால் அளவு தெரியாமல் சாய்வார்.

வண்டியிலும் மாற்றம் வேண்டும். இரண்டு பேருக்கான டயர் அழுத்தமும் பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) வண்டிக் கையேட்டில் இருக்கும், அதன்படி வையுங்கள். பின்பக்கம் அமுங்கியே இருந்தால் வண்டி திரும்பச் சோம்பும், வெளிப்பக்கம் ஓடும், பெக்கும் சீக்கிரம் தரையில் தட்டும். பிரேக்கைச் சீக்கிரமாகவும் மென்மையாகவும் பிடியுங்கள். அப்போது அவர் உங்கள் முதுகில் மோதாமல் கிராப் ரெயிலைப் பிடித்துத் தாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். சிக்னலில் நின்றாலும் அவருடைய கால்கள் பெக்கிலேயே இருக்கட்டும். இறங்குவதென்றால் நீங்கள் சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும்.